பீங்கானுக்குள் வைத்த குரல்

குழாய்க்காரருக்கு வாஷர் என்று பட்டப்பெயர். நல்ல வாஷர் போட்ட குழாய் சொட்டாது. இவர் வாயும் அப்படித்தான். கேட்டால் பதில், கேட்காவிட்டால் அதுவும் இல்லை. முப்பது வருடமாக அடைத்ததைத் திறப்பதும் ஒழுகியதை அடைப்பதுமே பிழைப்பு. ஊரான் வீட்டுக் கழிவுக் குழாய்க்குள் முழங்கை வரை கையை விடுவார், மூஞ்சி சுளிக்க மாட்டார். "நாத்தத்துல ரெண்டு வகை இருக்கு. ஒண்ணு சோப்பு போட்டாப் போயிடும், இன்னொண்ணு போகாது" என்பார். அந்த இரண்டாவது வகை என்ன என்று யாரும் கேட்டதில்லை. அவருக்கே அதன் முழு விவரம் அந்த வருடம்தான் தெரிய வந்தது.

அவர் பேசாத பேச்சையெல்லாம் சேர்த்து அவர் வீட்டுக்காரம்மா பேசினார். சம்பளத்துக்கே பேசினார். பேருந்து நிலையத்தில் அறிவிப்பு சொல்வது அவர் வேலை. குளியலறை அளவுக்கு ஒரு கண்ணாடிக் கூண்டு, நீளக் கழுத்து மைக், ஒரு சிவப்புப் பொத்தான். தலைக்கு மேலே மின்விசிறி உண்டு, ஆனால் போட்டால் மைக்கில் இரையும் என்று போட மாட்டார். இருபத்திரண்டு வருடம் வியர்த்துக்கொண்டே அந்தக் குரலைக் காப்பாற்றினார். ஐஸ் தண்ணீர் தொடமாட்டார், பிள்ளைகளைக்கூடச் சத்தம் போட்டுத் திட்டியது கிடையாது. எந்த வண்டி எந்த நடைமேடையில் என்று அவர் சொன்னால், தூங்கிக்கொண்டிருந்தவன்கூட எழுந்து சரியான வண்டியில் போய் உட்காருவான். டிரைவர், கண்டக்டர் எல்லாருக்கும் அவர் 'மைக் அக்கா'.

சாலைப் பாதுகாப்புத் துறையிலிருந்து அந்த அம்மாவைத் தேடி வந்ததில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. குடித்துவிட்டு வண்டி ஓட்டுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள், உங்கள் குரலில் பதிவு செய்ய வேண்டும் என்றார்கள். எங்கே போடுவீர்கள் என்று கேட்டதற்கு ரோட்டில், சிக்னலில், ஆஸ்பத்திரியில் என்று சொன்னார்கள். படிவத்தில் 'அனைத்து ஊடகங்களிலும்' என்று அச்சிட்டிருந்தது. அம்மா கையெழுத்துப் போட்டார். பேசியது நாலே வரி:

"அண்ணா, ஒரு நிமிஷம். குடிச்சிருந்தா வண்டியைத் தொடாதீங்க. வீட்ல ஒரு உயிர் உங்களுக்காகக் காத்துக்கிட்டு இருக்கு. அது நான்னு நினைச்சுக்குங்க."

இதற்கு ஒரு பாராட்டுச் சான்றிதழ் கொடுத்தார்கள். அம்மா அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினார். ஆணி அடித்துக் கொடுத்தது வாஷர்தான்.

இரண்டு மாதம் கழித்து வாஷருக்கு ஒரு வேலை வந்தது. நகரத்தில் முப்பத்தாறு பார்களில் ஆண்கள் கழிப்பறைக்குள் ஏதோ ஒரு கருவியைப் பொருத்த வேண்டும், அரசாங்க வேலை. பெட்டியைப் பிரித்துப் பார்த்தார். சோப்பு டப்பா அளவில் ஒரு பிளாஸ்டிக் சாமான், முன்பக்கம் ஒரு சின்னக் கண், பக்கத்தில் பேச்சு வெளியே வர ஏழெட்டுத் துளைகள். ஆள் வந்து நின்றால் கண் பார்த்துக்கொள்ளும், டப்பா பேசும். அதைச் சுவரில் மாட்டச் சொல்லியிருந்தால் ஒரு நியாயம். சிறுநீர் கழிக்கிற பீங்கானுக்குள்ளேயே, சரியாக நீர் விழுகிற இடத்தில் ஒட்டச் சொல்லியிருந்தார்கள்.

"உப்பு படிஞ்சு துளை அடைச்சுக்குமே" என்றார் வாஷர்.

சாமான் கொண்டுவந்த ஆள் உதட்டைப் பிதுக்கினான். அதுதான் புதுமையாம். அதிகாரி அப்படித்தான் வேண்டும் என்கிறாராம்.

முதல் பாரில் முதல் டப்பா. பிற்பகல் நேரம், ஆள் இல்லை. பினாயில் வாசனையும் அதைத் தோற்கடித்த வாசனையும் கலந்து நின்றன. வாஷர் மண்டி போட்டு, பீங்கானுக்குள் தலையைக் கொடுத்து, பசை பிழிந்து, டப்பாவை அழுத்திப் பிடித்தார். கண் முழித்துக்கொண்டது.

"அண்ணா, ஒரு நிமிஷம்."

மேலே இருந்த தண்ணீர்க் குழாயில் நங்கென்று தலை இடித்தது. இருபத்தாறு வருடமாக 'ஏங்க, சாப்பிட்டீங்களா' என்று கேட்ட குரல். அது பீங்கானுக்குள் இருந்துகொண்டு அவரை அண்ணா என்றது. வாஷர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். டப்பா நாலு வரியையும் பொறுமையாகச் சொல்லி முடித்து, ஆள் இன்னும் இருப்பதைப் பார்த்து, மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தது.

அன்றைக்கே பையைச் சுருட்டிக்கொண்டு வந்திருக்கலாம். வரவில்லை. நான் விட்டால் இன்னொருத்தன் ஒட்டப்போகிறான், வேறு எவனோ தொடுவதற்கு நானே தொட்டுவிட்டுப் போகிறேன் என்று மனசுக்கு ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டார். நொண்டிச் சமாதானம். முப்பத்தாறு பாரிலும் நூற்று நாற்பத்தெட்டு டப்பாக்களை ஒட்டினார். வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கூடத்துச் சான்றிதழ் பக்கம் மட்டும் திரும்புவதில்லை.

ஒட்டியதோடு விட்டதா என்றால் அதுவும் இல்லை. பத்தே நாளில் அவர் சொன்னது நடந்தது. துளைகளில் மஞ்சளாக உப்பு படிந்து குரல் கரகரத்தது. தொண்டையில் தண்ணீர் நின்றவள் பேசுவதைப் போலக் கொப்பளித்தது. பராமரிப்பும் ஒப்பந்தத்தில் உண்டு. ஆக, ஆசிட்டும் பல் தேய்க்கிற பிரஷும் எடுத்துக்கொண்டு பார் பாராகப் போனார். ஊரில் கண்டவனெல்லாம் பெய்த உப்பைப் பெண்டாட்டி குரலிலிருந்து சுரண்டி எடுத்தார். தேய்க்கத் தேய்க்க அந்தக் குரல் தெளிந்து வந்து 'அண்ணா' என்றது. நாற்றத்துக்கு மூஞ்சி சுளிக்காத மனிதர் வெளியே வந்து சாக்கடை ஓரம் குனிந்து நின்றார்.

குடித்தவர்கள் அந்தக் குரலோடு பேசியதும் அவர் காதில் விழத்தான் செய்தது. "என்னம்மா தங்கச்சி, சௌக்கியமா?" என்பவன் நல்லவன். சிலர் குறி பார்த்தார்கள். யார் அவளை நாலாவது வரிக்கு முன்னால் வாயடைக்கிறார்கள் என்று இரண்டு பேர் பந்தயம் கட்டினார்கள். மற்றதை எழுதினால் காகிதம் நாறும். பேசிவிட்டு, சிரித்துவிட்டு, ஜிப்பை இழுத்துக்கொண்டு, எல்லாரும் நேராக வண்டியிடம்தான் போனார்கள். அங்கே ஒரு காவலாளி விசிலோடு நிற்பார். ரிவர்ஸ், ரிவர்ஸ், ஒடிச்சு வா என்று தள்ளாடுகிற ஆளுக்கு வழி காட்டி, ரோட்டில் வருகிற வண்டிகளைக் கை நீட்டி நிறுத்தி, பத்திரமாக அனுப்பிவைப்பார். அது அவர் வேலை.

அம்மாவுக்கு விஷயம் எப்படித் தெரிந்தது என்றால், அவர் குரலே காட்டிக்கொடுத்தது. ஒரு சாயங்காலம் கூண்டில் உட்கார்ந்து "பயணிகள் கவனத்திற்கு" என்று ஆரம்பித்தார். ஒலிபெருக்கிக் கம்பத்தடியில் நாலு பேர் கொல்லென்று சிரித்தார்கள். ஒருவன் கம்பத்தைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு, இடுப்பில் கை வைத்து, "அண்ணா, ஒரு நிமிஷம்" என்று அந்தக் குரலில் இழுத்தான். கூண்டுக் கண்ணாடி வழியாக அம்மா பார்த்தார். ஒன்றும் புரியவில்லை. தெரிந்த டிரைவர் ஒருவரைக் கூப்பிட்டுக் கேட்டார். அவர் தொப்பியைக் கையில் சுருட்டியபடி, "அக்கா, நான் குடிக்கிறவன் இல்ல, சொல்லக் கேள்விதான்" என்று ஆரம்பித்து, தரையைப் பார்த்தே சொல்லி முடித்தார்.

அம்மா சிவப்புப் பொத்தானை அணைத்தார். ஆறு வண்டிகள் அறிவிப்பு இல்லாமலே கிளம்பின.

வீட்டுக்கு வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வாஷர் ஒரு பழைய வால்வைப் பிரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"உங்களுக்குத் தெரியுமா?"

அவர் வால்வைப் பார்த்தார்.

"கேக்குறேன்ல. இந்த ஊர்ல பார் கக்கூஸ் வேலைன்னா யாரைக் கூப்புடுவாங்கன்னு எனக்குத் தெரியாதா? நீங்கதானே ஒட்டினீங்க?"

"ஆமா."

"என் குரல்னு தெரிஞ்சுமா?"

"முதல் டப்பாலயே தெரிஞ்சுச்சு."

"மிச்சத்தையும் ஒட்டினீங்க."

அம்மா அழுதிருந்தால் வாஷர் தாங்கியிருப்பார். அழவில்லை. நாளை கூண்டுக்குப் போகப்போவதில்லை, அந்தச் சனியன் பிடித்த இடத்திலிருந்து என் குரல் வெளியே வருகிறவரை எந்த மைக்கிலும் அது போகாது என்று சாதாரணமாகச் சொன்னார். சொன்னபடியே செய்தார். பேருந்து நிலைய மேலாளர் நல்லவர்தான். ஆனாலும் ஒரு வாரத்துக்கு மேல் கூண்டைச் சும்மா வைக்க முடியாது, மெஷின் வாங்கி வைத்துவிடுவார்கள், வைத்துவிட்டால் பிறகு ஆளுக்கு இடமில்லை என்றார்.

வீடு அமைதியானது. அதுநாள் வரை அமைதிதான் வாஷருக்குப் பிடித்த விஷயம். இரண்டாம் நாள் அவரே குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் விழுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றார்.

மூன்றாம் நாள் சாலைப் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போனார். துணை இயக்குநர் அறை. நாற்பது வயசு இருக்கும், கழுத்து மடிப்பில் பவுடர். சுவர் முழுக்க அவர் செய்த புதுமைகளின் படங்கள். பார் வாசலில் சவப்பெட்டி வைத்திருந்தார். குடித்தவர்கள் உள்ளே படுத்து ஒருவரையொருவர் படம் எடுத்துக்கொண்டார்கள். எலும்புக்கூடாகக் காட்டுகிற கண்ணாடி வைத்திருந்தார். அதன் முன்னால் நின்று தலை வாரிக்கொண்டார்கள். போதையில் இருக்கிறவன் கையால் உறுதிமொழி எழுதி வாங்கியிருந்தார். அதில் பாதிப் பேர் தங்கள் பெயரையே தப்பாக எழுதியிருந்தார்கள். படங்களில் யார் செத்தார், யார் பிழைத்தார் என்ற கணக்கு எங்கும் இல்லை. எல்லாப் படத்திலும் துணை இயக்குநர் இருந்தார்.

வாஷர் விஷயத்தைச் சொன்னார். அதிகாரி கனிவாகவே கேட்டுக்கொண்டார். பிறகு கோப்பைப் புரட்டி, கையெழுத்தின் மேல் விரல் வைத்தார்.

"அனைத்து ஊடகங்கள்னு போட்டிருக்கு பாருங்க. இதுவும் ஒரு ஊடகம்தான்."

"அது மூத்திரக் கோப்பை சார்."

"அப்படிப் பார்க்கக் கூடாது. அங்கதான் மனுஷன் தனியா இருக்கான், கவனமா இருக்கான். வெளிநாட்டுல எல்லாம் இதைத்தான் பேசுறாங்க. உங்க வீட்ல பெருமைப்படணும்."

எடுக்க முடியாது என்பதை அவர் ஏழு விதமாகச் சொன்னார். கோப்பு மேலே போய்விட்டதாம், புதுமை விருதுக்கு விண்ணப்பம் அனுப்பியாயிற்றாம், தங்கையின் குரல் என்றால் ஆண் மனம் இளகும் என்று மனநல நிபுணர் ஒருவர் எழுதிக் கொடுத்திருக்கிறாராம். வாஷருக்கு ஒரே ஒரு சந்தேகம் இருந்தது. பார் லைசென்ஸில் இருநூறு வண்டி நிறுத்த இடம் இருந்தாக வேண்டும் என்று விதி போட்டிருக்கிறதே, குடிக்க வருகிறவன் வண்டியோடு வரட்டும் என்று இடம் ஒதுக்கிவிட்டு, திரும்பிப் போகும்போது வண்டியைத் தொடாதே என்றால் என்ன அர்த்தம் என்று கேட்டார்.

"அது வேற டிபார்ட்மெண்ட்" என்றார் அதிகாரி.

பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவதை வாஷர் கேள்விப்பட்டிருக்கிறார். கிள்ளுகிறவனுக்குத் தனி அலுவலகம், ஆட்டுகிறவனுக்குத் தனி அலுவலகம், இருவருக்கும் ஒரே கட்டடத்தில் மாடி வேறு வேறாக என்பதை அன்றைக்குத்தான் பார்த்தார்.

வீட்டுக்கு வந்து நடந்ததை ஒப்பித்தார். அம்மா முழுசாகக் கேட்டார். அந்த அதிகாரியை அவருக்குத் தெரியும். பதிவு செய்த அன்று கூடவே இருந்தாராம். இப்படிச் சொல்லும்மா, அப்படிச் சொல்லும்மா என்று மைக்கை வாங்கி வாங்கித் தானே எட்டுத் தடவை பேசிக் காட்டினாராம். பேசியதை மறுபடி போடச் சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாராம்.

"எனக்கு என் குரல் மேல இருக்குற ஆசையைவிட அந்த ஆளுக்கு அவர் குரல் மேல ஆசை ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

வாஷர் அங்கேயே உட்கார்ந்திருந்தார். அடைப்பு எங்கே என்று தெரிந்துவிட்டால் அப்புறம் கம்பியை எந்தப் பக்கமிருந்து விடுவது என்பதுதான் வேலை. ஆனால் இந்தக் கம்பி அவர் பையில் இல்லை. பிறந்ததிலிருந்து ஒருத்தனையும் புகழ்ந்தது கிடையாது. கட்டினவள் சமையலைக்கூட 'பரவால்ல' என்பதற்கு மேல் சொன்னதில்லை.

மறுநாள் காலை மறுபடியும் அதே அறை. அதிகாரிக்கு எரிச்சல். வாஷர் கதவை ஒட்டியே நின்று, முதல் நாள் ராத்திரி முழுக்க மனசுக்குள் உருட்டிப் பார்த்ததைச் சொன்னார்.

"சார், நான் குரலை எடுக்கச் சொல்லி வரல. வேலை சரியா நடக்கலைன்னு சொல்ல வந்தேன். பொம்பளைக் குரல்னா சிரிக்கிறானுங்க சார், பயம் இல்ல. ஒரு ஆம்பளைக் குரல் வேணும். அதிகாரம் இருக்கணும், அதே நேரத்துல கனிவும் இருக்கணும்."

"அப்படி யாரைப் போய்த் தேடுறது?"

வாஷருக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. "நேத்து நீங்க பேசுனப்பவே எனக்குத் தோணுச்சு சார்" என்றார்.

அதிகாரி பேனாவை மூடினார். ஜன்னலைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார், செருமல் கொஞ்சம் தடிமனாகவே வந்தது.

"என் குரலா? சேச்சே" என்றார். மூடிய பேனாவை மறுபடி திறந்துகொண்டே, "காலேஜ்ல நாடகத்துல எல்லாம் பேசியிருக்கேன்" என்றார்.

"தெரியுது சார்."

வெளியே வந்ததும் தண்ணீர்த் தொட்டிக் குழாயைத் திறந்து மூன்று தடவை வாய் கொப்பளித்தார் வாஷர். போகவில்லை. சோப்புக்குப் போகாத வகை.

மேலே போன கோப்பு கீழே வராது என்று சொன்னார்கள் அல்லவா? மறுநாளே வந்தது. உத்தரவு, பதிவு, புது டப்பாக்கள் எல்லாம் வந்தன. அந்தச் சுறுசுறுப்பில் பத்தில் ஒரு பங்கை ரோட்டில் காட்டியிருந்தால் எத்தனையோ வீடுகளில் ஆள் மிஞ்சியிருக்கும். வாஷர் தூங்காமல் கொள்ளாமல் முப்பத்தாறு பாருக்கும் ஓடினார். பழைய டப்பா ஒவ்வொன்றையும் சுரண்டி எடுத்துக் கழுவி, மூடி போட்ட வாளியில் சேர்த்தார். வீட்டு முற்றத்தில் அம்மா ஒரு துணியை விரித்து உட்கார்ந்து அவற்றை எண்ணினார். நூற்று நாற்பத்தேழு.

"ஒண்ணு குறையுதுங்க."

வாஷர் பையை எடுத்துக்கொண்டு திரும்பிப் போனார். இருபத்தொன்றாவது பாரில், அடைத்துக்கொண்டதால் பலகை அடித்து மூடியிருந்த ஒரு பீங்கானில் அது இருந்தது. பலகையைப் பெயர்த்ததும் கண் முழித்தது. உப்பு ஏறி, ஒரு சொல்லும் விளங்காமல், கொளகொளவென்று என்னவோ சொன்னது. "வா, வீட்டுக்குப் போலாம்" என்று முணுமுணுத்தபடி அதைப் பெயர்த்தெடுத்தார். எல்லாவற்றையும் முற்றத்துக் கல்லில் வைத்துச் சுத்தியலால் அடித்தது அம்மா. ஓங்கி அடிக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு அடி, சரியான இடத்தில்.

புதுக் குரல் ஓடத் தொடங்கிய அன்று சாயங்காலம், பெரிய பாரில் சரிபார்க்கப் போனார் வாஷர். வேலை செய்கிற இடத்தில் ஒருநாளும் சிறுநீர் கழித்தது கிடையாது. அது அவர் தொழில் மரியாதை. அன்றைக்கு நின்றார்.

"அன்பார்ந்த குடிமக்களே" என்றது பீங்கான். "சாலைப் பாதுகாப்புத் துறையின் துணை இயக்குநரும், மாவட்ட விழிப்புணர்வுக் குழுவின் செயலாளரும், சென்ற ஆண்டின் சிறந்த அலுவலர் விருது பெற்றவருமான நான் உங்களிடம் சில நிமிடங்கள்..."

வாஷர் நிதானமாக முடித்தார். பட்டங்கள் முடியவில்லை. பக்கத்தில் வந்து நின்றவனும் முடித்துவிட்டு நகர்ந்தான். டப்பா பாதியில் வாயை மூடிக்கொண்டது. அடுத்தவன் வந்தான், மறுபடியும் அன்பார்ந்த குடிமக்களே. அரை மணி நேரம் நின்று பார்த்தார். 'குடித்துவிட்டு' என்ற சொல் வரைக்கும் ஒருத்தனும் தாக்குப்பிடிக்கவில்லை. நீர்க்கடுப்பு வந்த ஒரு பெரியவர் மட்டும் சுவரைப் பிடித்துக்கொண்டு கடைசி வரை கேட்டார். அவர் நடந்து வந்தவர்.

வெளியே விசில் ஊதிக்கொண்டிருந்தது. உள்ளே தங்கையைக் கேட்டுப் போனவர்கள் எப்படிப் போனார்களோ, துணை இயக்குநரைக் கேட்டவர்களும் அப்படியே போனார்கள். ரிவர்ஸ், ரிவர்ஸ், ஒடிச்சு வா. ஒரு வண்டி வாஷரின் கால் விரலை உரசிக்கொண்டு போனது. "பாத்து நில்லுய்யா" என்று அவரைத்தான் திட்டினார் காவலாளி.

மறுநாள் அதிகாலை அம்மா வேலைக்குக் கிளம்பினார். ஏழாம் நாள். கூடத்துச் சுவரில் சான்றிதழ் இல்லை, ஆணி மட்டும் இருந்தது. கண்ணாடிச் சட்டத்தில் இப்போது பேருந்து நேர அட்டவணை இருந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டார், கூண்டுக்கு ஆகும் என்று. வாசலில் செருப்பை மாட்டியபடி திரும்பிப் பார்த்தார்.

"நேத்து அவ்வளவு நேரம் அங்க நின்னீங்களே, அந்த ஆளு பேச்சைக் கேட்டு எவனாவது வண்டியை விட்டுட்டு நடந்து போனானா?"

"ஒருத்தனும் இல்ல."

"நான் பேசினப்போ?"

வாஷர் பொய் சொல்லியிருக்கலாம், புகழ்வதற்கு இப்போது நாக்கு பழகியிருந்தது.

"அப்பவும் இல்லம்மா" என்றார்.

அம்மா தலையை ஆட்டிவிட்டு நடந்தார். பேருந்து நிலையம் தெருக்கோடிதான். கால் மணி நேரத்தில் ஒலிபெருக்கி கொரகொரத்து, தெளிந்து, "பயணிகள் கவனத்திற்கு" என்றது. வாஷர் ஆசிட் புட்டியையும் பிரஷையும் பையில் எடுத்து வைத்தார். துணை இயக்குநருக்கும் பத்து நாளில் உப்பு படியும். சுரண்ட வேண்டாம் என்று மறுபடி வெளியே எடுத்து வைத்தார்.